கவனம் என்று போட்டிருந்தது

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதத் திங்கட்கிழமை, எங்கள் மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில் நடந்த கூட்டத்தில், வார்னிங், காஷன் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழில் ‘கவனம்’ என்ற ஒரே சொல்லைப் போடுவதென்று முடிவாயிற்று.

கூட்டத்தில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் முதலாளியின் மகன். அவரைச் சின்னவர் என்போம். இன்னொருவர் பக்கங்களை வடிவமைப்பவர். எதையும் அளந்துவிட்டுத்தான் பேசுவார் என்பதால் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். மூன்றாவது ஆள் நான். இயந்திரங்களோடு வரும் கையேடுகளையும், அவற்றின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர்களையும் தமிழுக்குக் கொண்டுவருவது எங்கள் தொழில். மற்றவர்கள் மொழிபெயர்த்ததைத் திருத்துவது என் வேலை.

முடிவுக்குக் காரணம் இடப்பற்றாக்குறை.

“எச்சரிக்கை ஆறு எழுத்து சார். கவனம் நாலு. கம்பெனிக்காரன் கொடுத்த பட்டைல ஆறு உட்காராது. அமுக்கி உட்கார வெச்சா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்,” என்றார் ஸ்கேல்.

“எறும்பு மாதிரி இருந்தாலும் அது வேற சொல்,” என்றேன்.

சின்னவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ரெண்டும் பார்த்துச் செய்யுங்கன்னுதானே சொல்லுது. படிக்கிறவனுக்கு எதைப் போட்டாலும் புரியும். படிக்காதவனுக்கு எதைப் போட்டாலும் ஒண்ணுதான். நாலு எழுத்தையே போட்டு முடிங்க.”

நீங்கள் விபத்துகளை ஆராயும் அதிகாரி. உங்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியிருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் அறிக்கையைப் படித்த பிறகு விளக்க வேண்டியிருக்கிறது.

ஓர் இயந்திரத்தில் காஷன் என்று எழுதியிருந்தால், சொன்னபடி கேட்காதவருக்குச் சின்னக் காயம் படலாம் என்று பொருள். கழுவிய தரையில் நிறுத்திவைக்கும் மஞ்சள் பலகையில் இருப்பது அதுதான். வழுக்கினால் இடுப்பு வலிக்கும், நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்று கூச்சமாக இருக்கும், மறுநாள் வேலைக்கு வந்துவிடலாம். வார்னிங் என்றால் உயிர் போகலாம், அல்லது உடம்பில் ஒரு பாகம் போகலாம். மின்சாரப் பெட்டியின் கதவிலும் சுழலும் பற்சக்கரத்தின் பக்கத்திலும் இருப்பது அது. எந்த அபாயத்துக்கு எந்தச் சொல் என்பதை இயந்திரம் செய்பவர்கள் தோராயமாக முடிவு செய்வதில்லை. வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்கிறார்கள்.

பொதுப் பேச்சிலும் இரண்டும் ஒன்றல்ல. காஷன் என்பது ஒருவர் தனக்குள் வைத்துக்கொள்வது. ஒருவர் காஷனோடு வண்டி ஓட்டுகிறார் என்றால் அவரைப் பாராட்டுகிறோம். வார்னிங் அப்படியில்லை. அது ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது. கொடுக்க ஓர் ஆள் வேண்டும். வார்னிங் இருக்க வேண்டிய இடத்தில் காஷனைப் போட்டால், கொடுக்க வேண்டியவரின் பொறுப்பு சத்தமில்லாமல் வாங்க வேண்டியவரின் தலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இதை நான் அந்தக் கூட்டத்தில் சொன்னேன். ஸ்கேல் கொட்டாவி விட்டார்.

அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் ஒரு சொல்லைப் பூட்டிவைக்கலாம். சின்னவர் பூட்டிவைத்தார். நான் ‘எச்சரிக்கை’ என்று தட்டினால் அது சிவப்பாகும். சேமித்துவிட்டுத் திரும்பத் திறந்தால் ‘கவனம்’ என்று மாறியிருக்கும். ஒவ்வொரு கையேட்டிலும் மாற்றுவேன், ஒவ்வொரு முறையும் அது திரும்ப மாறும். சுவரோடு பேசலாம், சுவர் குறைந்தபட்சம் நாம் சொன்னதைத் திருத்தாது.

அலுவலகத்தில் என்னை வார்னிங் சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். காப்பியை மேசையில் வைத்துவிட்டு, “சூடா இருக்கு சார். இது வார்னிங்கா, காஷனா?” என்பார்கள். ஒருநாள் சின்னவர் லிப்டில் என்னோடு இறங்கும்போது, “இத்தனை வருஷமா கவனம்னு போட்டு ஓடுது. யாருக்காவது ஏதாவது ஆச்சா? ஒருத்தரைக் காட்டுங்க, அன்னைக்கே மாத்திடறேன்,” என்றார்.

அது நியாயமான பேச்சு என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் சான்று கேட்டார். என்னிடம் சான்று இல்லை.

எங்கள் ஸ்டிக்கர் ஒட்டிய இயந்திரங்கள் எங்கெங்கே போயிருக்கின்றன என்று விசாரித்தேன். மர அறுவை ஆலை, பிளாஸ்டிக் பட்டறை, ஐஸ் தொழிற்சாலை. பத்திரிகைகளில் உள்ளூர்ச் செய்திகளைப் படிக்கத் தொடங்கினேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓர் ஆலையில் ஒருவருக்கு விரல் நகம் போனதாகத் தெரிந்து விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அவர் கதவில் நசுக்கிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பேருந்தில் எனக்கு எவ்வளவு சலிப்பாக இருந்தது என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. மனிதர்கள் தப்பித்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் தப்பிக்கும்போதும் சின்னவர் சொன்னது சரியாகிக்கொண்டே இருந்தது.

என் தங்கையின் கணவர் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். பெரிய மாவு பிசையும் மெஷின் வாங்கப் போவதாகச் சொல்லி, எந்தக் கம்பெனி நல்லது என்று என்னைக் கேட்டார். பல கம்பெனிகளின் கையேடுகளைப் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொன்னேன். நல்ல மெஷின்தான், சத்தம் குறைவு. அதன் ஸ்டிக்கர் எங்கள் அலுவலகத்தில் செய்தது.

கடையின் பின்கட்டு குறுகலானது. மெஷினை மூலைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால்தான் ரொட்டித் தட்டுகளை அடுக்கும் வண்டி திரும்பும். அப்படித்தான் வைத்தார்கள். அண்டா போன்ற ஒரு பாத்திரம், அதற்குள் கட்டைவிரல் பருமனுக்கு வளைந்த ஓர் இரும்புக் கொக்கி, மேலே கம்பி மூடி. மூடியைத் தூக்கினால் கொக்கி நின்றுவிடும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய மாவை வழித்து உள்ளே தள்ள, ஒவ்வொரு தடவையும் மூடியைத் தூக்க வேண்டும், நிற்க வேண்டும், மூட வேண்டும், மறுபடி பொத்தானை அழுத்த வேண்டும். உதவிக்கு இருந்த ஆள் வேலையை விட்டுப் போன பிறகு, இரண்டு ஆஸ்பத்திரி கேன்டீன்களுக்கு அவர் தனியாளாக ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். நேரத்துக்குப் போகாவிட்டால் வேறு கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஒரு கேன்டீனில் சொல்லியும்விட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இந்த மெஷின் உங்க தங்கச்சி மாதிரி மச்சான்,” என்றார். “லேசா மூடியைத் தொட்டாலே நின்னுடுது. அப்புறம் கெஞ்சிக் கிளப்பணும்.”

“நீங்க கெஞ்சி நான் எப்ப கிளம்பினேன்?” என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

“மூடி திறந்திருக்கும்போதே ஓடுற மாதிரி ஏதாவது வழி இருக்கா மச்சான்? நீங்கதானே அந்தப் புத்தகத்தைத் திருத்தினது.”

வழி இருந்தது. பழுது பார்ப்பவர்களுக்கான பக்கத்தில் இருக்கிறது. மூடியில் ஒரு காந்தம், சட்டத்தில் அதை உணரும் ஒரு சின்னப் பெட்டி. காந்தம் பக்கத்தில் இருந்தால் மூடி மூடியிருப்பதாக மெஷின் எடுத்துக்கொள்ளும். வேறொரு காந்தத்தை அந்தப் பெட்டியின் மேல் ஒட்டினால் போதும். அப்படிச் செய்யக்கூடாது என்று அதே பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருக்கிறது. கொக்கி கையை உள்ளே இழுக்கும், உயிரிழப்போ மிகக் கடுமையான காயமோ ஏற்படலாம் என்பது ஆங்கிலத்தில் அந்தக் கட்டத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. அந்தத் தலைப்பு வார்னிங்.

இதையெல்லாம் அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. மறு வாரம் ஒரு பழைய ஸ்பீக்கரைப் பிரித்து எடுத்த காந்தத்தைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்டினேன். மூடி திறந்திருக்க, கொக்கி சுற்றியது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“ஆபத்து ஒண்ணும் இல்லையே மச்சான்? பின்னாடி ஏதோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்குன்னு கொண்டுவந்து இறக்கினவங்க சொன்னாங்க. என்ன போட்டிருக்கு அதுல?”

“கவனம்னு போட்டிருக்கு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் போட்டிருக்கு.”

“அது சரி, கவனமாத்தானே இருக்கேன்,” என்று சொல்லி, எனக்கு இரண்டு பன் கட்டிக் கொடுத்தார்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சானதை அச்சானபடி சொன்னேன். அதற்கு மேல் ஓர் எழுத்துகூடச் சேர்க்காமல் இருந்தேன். சேர்த்திருந்தால் சோதனை கெட்டுப்போயிருக்கும்.

அதன் பிறகு தினமும் காலையில் ரொட்டிக்கடைக்குப் போக ஆரம்பித்தேன். அதுவரை எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஏதாவது ஆனால், மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இதை அக்கறை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தங்கைகூட, “அண்ணாவுக்கு இப்பத்தான் எங்க ரொட்டி பிடிக்க ஆரம்பிச்சிருக்கு,” என்று கேலி செய்தாள்.

மார்ச் ஒன்பதாம் தேதி காலை தங்கை கல்லாவில் இருந்தாள், நான் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து அவர் கத்தவில்லை. “மச்சான், மச்சான்” என்று இரண்டு முறை கூப்பிட்டார், சாதாரணமாகக் கூப்பிடுவது போலவே. போனபோது அவருடைய வலது கை, சட்டையோடு சேர்த்து முழங்கைக்கு மேல்வரை உள்ளே போயிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்தேன். தங்கை ஓடிவந்து அவர் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். தீயணைப்பு வீரர்கள் வந்து கொக்கியைக் கழற்றினார்கள். ஆஸ்பத்திரியில் வலது கையைத் தோளுக்குச் சற்றுக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் நான் பின்கட்டுக்குத் திரும்பினேன். ஸ்டிக்கர் சுவர்ப் பக்கம் இருந்தது. மெஷினை முன்னால் இழுத்து, மாவுத் தூசியைத் துடைத்து, மூன்று படங்கள் எடுத்தேன். அன்று மதியமே அவற்றைச் சின்னவரிடம் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குள் பூட்டு எடுக்கப்பட்டது. ஸ்கேல் எழுத்தின் அளவை ஒரு புள்ளி குறைத்துப் பார்த்தார். எச்சரிக்கை பட்டைக்குள் உட்கார்ந்தது. எறும்பு மாதிரியெல்லாம் இல்லை.

“அப்பவே பார்த்திருக்கலாம் சார்,” என்றார் ஸ்கேல், திரையைப் பார்த்தபடி.

இதோடு விட்டிருப்பேன். உங்கள் அறிக்கை வந்தது. ‘பயனர் காந்தத்தைப் பொருத்திப் பாதுகாப்புத் தடுப்பைச் செயலிழக்கச் செய்துள்ளார். விபத்துக்குக் காரணம் பயனரின் அஜாக்கிரதை.’ ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வரி இல்லை. அஜாக்கிரதை என்றால் காஷன் இல்லாமை. நீங்களும் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டீர்கள். வார்னிங் கொடுக்கப்பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் உங்களிடம் அதைச் சொல்லவில்லை. காந்தம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டபோது, கடையில் கிடந்தது என்றிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்டேன்.

“உங்க பேரை எதுக்கு மச்சான் இதுல இழுக்கணும்? நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. நான்தான் கவனமா இல்ல,” என்றார். பக்கத்தில் நின்ற தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணா மட்டும் அன்றைக்கு அங்கே இல்லாவிட்டால் என்று சொல்லத் தொடங்கி முடிக்காமல் விட்டாள்.

ஆகவே நானே சொல்கிறேன். காந்தம் என்னுடையது. அதைப் பொருத்தக் காட்டியது நான். என்ன ஆகும் என்பது எனக்கு முன்பே தெரியும். அவர் கேட்டபோது ஸ்டிக்கரில் இருந்த சொல்லை மட்டும் சொன்னேன். இதை எழுதினால் எனக்கு என்ன தண்டனை என்பதையும் படித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அறிக்கையைத் திருத்துங்கள். அவர் அந்தச் சொல்லை நம்பித்தான் கையை விட்டார் என்று அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கை எதற்காகப் போனது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

போன வாரம் கம்பெனியிலிருந்து எல்லாக் கடைகளுக்கும் புதிய ஸ்டிக்கர் அனுப்பினார்கள். எங்கள் கடைக்கும் ஒன்று வந்தது. எச்சரிக்கை என்று தெளிவாக இருக்கிறது, அச்சும் சுத்தம். நானும் மாப்பிள்ளையுமாக மெஷினை முன்னால் இழுத்தோம். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதியதை ஒட்டினேன். பிறகு ரொட்டித் தட்டு வண்டி திரும்ப இடம் வேண்டும் என்பதால், மெஷினைப் பழையபடி சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தோம். அவர் இடது கையால் தள்ளினார்.