பெரிய கோர்ட்டு நாற்காலியும் செய்யூர் சவுக்கும்

நான் மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சொந்தக் காசில் மூன்று லாரி வாங்கியவன். அன்றைக்கு மூன்றும் லோடு ஏற்றிப் போயிருந்ததால் செங்கல்பட்டில் செய்யூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு கதர்ச் சட்டைக்காரர், ஒரு சிவப்புத் துண்டுக்காரர். நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த விவசாயி திடீரென்று சொன்னார்:

“டில்லி பெரிய கோர்ட்டுல ஒரு ஜட்ஜு சீட்டு காலியா கீது. அதனால என் சவுக்கு தடிச்சிகினே போவுது.”

“இன்னா நைனா சொல்ற?” என்றார் கதர்.

“பங்காளி கேசு. தீர்ப்பு வர்ற வரைக்கும் மரத்தைத் தொடக்கூடாதுன்னு தடை. ஜட்ஜு ரிடையராயிட்டாரு, வாய்தா மேல வாய்தா. இப்ப வெட்டினா பந்தக்காலுக்குப் போவும். இன்னும் தடிச்சா வெறும் வெறகு.”

“கவலைப்படாதே, அந்த சீட்டுக்கு எங்க ஆளு வந்துடுவாரு.”

“உங்க ஆளா? அவரு ஒரு மிராசுதாருக்கு மச்சான். வரவுட மாட்டோம்,” என்றார் சிவப்புத் துண்டு.

“அப்ப உங்க ஆளை நாங்க மட்டும் வுடுவமா?”

“எலக்‌ஷன் முடியட்டும். அதுவரைக்கும் சீட்டு காலியாவே கெடக்கட்டும்.”

“அதுவும் சரிதான்,” என்றார் கதர். செங்கல்பட்டிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

மதுராந்தகம் சந்தையருகில் பஸ் நின்றதும் விவசாயி எழுந்தார்.

“செய்யூருக்கு டிக்கெட் வாங்கிட்டு இங்க எறங்கறியே?” என்றார் கண்டக்டர்.

“அடுத்த பஸ்ல வரேன், அண்ணாத்த. கோடாலி ஒண்ணு வாங்கணும்.”