தெற்குச் சுவரோரம் ஒன்பது பேர்

1. நான், பெ. அருமைநாயகம், வயது ஐம்பத்து நான்கு, சைதாப்பேட்டைக் கோர்ட்டில் தொழில் நடத்தும் வக்கீல். இந்த ஆற்றோரச் சபையின் அங்கத்தினன். பதினோரு வருஷமாக, இச்சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் சட்ட ஆலோசகன்.

2. காலஞ்சென்ற மூப்பர் மாசிலாமணி அவர்களை முப்பது வருஷமாக நேரில் அறிவேன்.

3. இந்த இரங்கல் கூட்டத்தில் நான் கூறுவதில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதைப் பிரித்தே கூறுவேன். துக்கம் அந்த வித்தியாசத்தை அழித்துவிடக்கூடாது.

அக்கிராசனம் வகிக்கும் குருவானவர் அவர்களே, கமிட்டிக் கனவான்களே, சபையோரே, வாசலருகே தயங்கி நிற்கும் ஆற்றங்கரைத் தாய்மார்களே! உள்ளே வாருங்கள். முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது.

நான் எழுந்திருக்கும்போது காரியதரிசி அவர்கள், நல்லதை மட்டும் சொல்லி முடித்துவிடும்படி என் காதில் சொன்னார்கள். நல்லதை மட்டுமே சொல்லப்போகிறேன். அது யாருக்கு நல்லது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

மூப்பர் அவர்களுக்கு எண்பத்து மூன்று வயது. மறதி இருந்ததா? இருந்தது. என்னை என் தகப்பனார் பெயரால் அழைப்பார். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனவர், இன்னும் கோயிலுக்குப் போகவில்லையே என்று மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். சிரித்திருக்கிறோம். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு மனிதரின் மறதி எதையெல்லாம் கொண்டுபோனது என்று பார்த்த நாம், எதைத் தொடாமல் விட்டது என்று பார்த்தோமா?

நமது பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு இடம் போதவில்லை. கல்லறைத் தோட்டத்தின் தென்பகுதியில் புதுக் கட்டடம் எழுப்பச் சென்ற வருஷம் கமிட்டி தீர்மானித்தது. நோக்கம் நல்லது, இன்றும் அதை மறுக்கமாட்டேன். அரசாங்க அனுமதிக்கு, அங்கே இருபது வருஷமாக அடக்கம் நடக்கவில்லை என்று சத்தியம் செய்து கொடுக்கும் ஓர் அபிடவிட் தேவைப்பட்டது. அடக்கப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். தென்பகுதியைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆகவே எழுதினேன். சபையில் மூத்தவர் என்ற முறையில் மூப்பர் அவர்கள் கையெழுத்திட வேண்டும்.

முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பேனாவை என்னிடமே திருப்பித் தந்தார்.

"அங்க ஒன்பது பேர் இருக்காங்க, தம்பி."

பதிவேட்டைக் காட்டினேன். அதில் ஞானஸ்நானத் தேதிக்கு ஒரு கட்டம் உண்டென்றும், அந்தத் தேதி இல்லாதவரின் பெயரை எழுத விதியில்லை என்றும் எனக்கே நினைவூட்டினார். நான் விடவில்லை. ஒரு சிறிய கையெழுத்துத்தானே என்றேன்.

"கை நடுங்குது. நீங்க பிடிச்சுக்கூட எழுத வெச்சிடலாம். ஆனா நான் சீக்கிரம் போய் நிக்கப்போற கோர்ட்டுல வக்கீல் வெச்சுக்க முடியாது."

இதற்குக் கமிட்டி செய்தது என்ன? முதுமையால் அவருடைய நினைவு தடுமாறுகிறது. சனிக்கிழமைதோறும் கல்லறைத் தோட்டத்துச் சுவரோடு தனியே பேசுகிறார். ஆகையால் மூப்பர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று தீர்மானம் நிறைவேற்றியது. வாசகம் என்னுடையது. 'தனியே' என்ற சொல்லைச் சேர்த்தவன் நான்.

அதன் நகலை ஒரு சனிக்கிழமை மாலை நானே கொண்டுபோனேன். அவர் தெற்குச் சுவரோரம் நின்றிருந்தார். பக்கத்தில் ஆற்றங்கரைக் குடிசைவாசி பாஞ்சாலி.

"இன்னா வக்கீலய்யா, நைனாவ பைத்தியம்னு எழுதிக்கினு வந்துட்டியா?" என்றாள் அவள். "அவரு செவுத்தோட பேசல. எம் பொண்ணு பேரச் சொல்லிக்கினு கீறாரு. பெத்தவ நானே மறந்த நாளு உண்டு. அவரு மறக்கல."

இனிச் சொல்வது பிறர் சொல்லக் கேட்டது. 1943 ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றங்கரைக் குடிசைகள் போயின. பின்னாலேயே காய்ச்சல் வந்தது. அவர்களுடைய இடுகாடு தண்ணீருக்குள் இருந்தது. இறந்த குழந்தைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு நமது வாசலில் வந்து நின்றார்கள். குருவானவர் அவர்கள் அன்று ஊரில் இல்லை. மூப்பர் அவர்கள் யாருடைய அனுமதியையும் கேட்காமல் கதவைத் திறந்தார். பாலத்தருகே கடை வைத்திருக்கும் தச்சர் பீர் முஹம்மது பெட்டி செய்து, குழியும் தோண்டினார். மூப்பர் ஜெபித்தார். ஒன்பது முறை.

கேட்டதை நம்பிவிடுவது என் தொழிலல்ல. மூன்று சனிக்கிழமைகள் அவரைக் குறுக்கு விசாரணை செய்தேன். எந்தக் குழியில் யார் என்று கிழக்கிலிருந்து கேட்டேன், மேற்கிலிருந்து கேட்டேன், நடுவிலிருந்து கேட்டேன். அன்று காலையில் என்ன சாப்பிட்டார் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஒன்பதில் ஒன்றுகூட இடம் மாறவில்லை. பீர் முஹம்மதைத் தனியாகப் போய்க் கேட்டேன். "ஒம்பது பொட்டி. அறுத்த கை மறக்குமா, சார்?" என்றார்.

ஜூன் மாதம் காரியதரிசி அவர்களிடம் இதைத் தெரிவித்தேன். பெரியவர் காலம்வரை பொறுத்திருப்போம் என்று பதில் வந்தது. பொறுத்திருந்தோம். எதற்காகப் பொறுத்திருந்தோம் என்பது இங்கே யாருக்குத் தெரியாது? அந்த இரண்டு மாதமும் அவர் ஞாயிறு தவறாமல் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கடைசி ஆளாக நற்கருணை வாங்கினார். தன்னை நீக்கியவர்களுக்காக வாய்விட்டு ஜெபித்தார். என் பெயரையும் சொன்னார். என் தகப்பனார் பெயரால்.

சென்ற செவ்வாயன்று அவர் காலமானார். புதனன்று புதிய அபிடவிட் என் மேஜைக்கு வந்தது. நாளை மறுநாள் கமிட்டி கூடுகிறது. மூப்பரின் பெயர் இருந்த இடத்தில் இப்போது என் பெயர்.

காரியதரிசி அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இன்னும் ஒரு நிமிஷம் போதும்.

இதோ அந்தத் தாள். இதில் நான் கையெழுத்திடமாட்டேன். சட்ட ஆலோசகர் பொறுப்பு இன்றோடு முடிவதானால், முதுமையைக் காரணமாக எழுத வேண்டாம். மறுத்தான் என்றே எழுதுங்கள். பள்ளிக்கூடம் எழ வேண்டும். பன்னிரண்டு அடி வடக்கே தள்ளிக் கட்டினால் ஒரு வகுப்பறை குறையும். ஒன்பது பேரும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அந்த வரைபடத்துக்காக எந்த அலுவலகப் படியும் ஏற நான் தயார்.

இன்று சனிக்கிழமை. கூட்டம் கலைந்ததும் தெற்குச் சுவரோரம் போகிறேன். ஆறு பெயர்கள் எனக்கு மனப்பாடம். மற்ற மூன்றும் பெயரிடுமுன் போன குழந்தைகள். அவற்றைத் தாயின் பெயரால் அழைப்பார் மூப்பர். அப்படியே அழைப்பேன். என் நினைவு தடுமாறும் வயது வரும்வரை, கர்த்தர் கிருபை செய்தால் அதற்கப்பாலும்.

அவர் தனியே பேசினார் என்று எழுதியவன் நான். மூப்பர் மாசிலாமணி அவர்கள் அந்தச் சுவரோரம் ஒருநாளும் தனியே நின்றதில்லை. திருத்தி எழுதி, உங்கள் முன்னிலையில் கையெழுத்திடுகிறேன்.

சைதாப்பேட்டை,
17 ஆகஸ்டு 1946

(ஒப்பம்) பெ. அருமைநாயகம்

சாட்சிகள்:
பீர் முஹம்மது, தச்சர்
பாஞ்சாலி, ஆற்றங்கரை, இடது பெருவிரல் ரேகை