எழும்ப மறுத்த சிட்ரோயன்

அவைக்குத் தலைமை தாங்கும் வேலுமணி அவர்களே! என் பேரன் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குக் குடை பிடித்த கை உங்கள் கை. கேசட்டில் நாதஸ்வரம் முழங்க வைத்த கலாவதி அவர்களே! கார் முகப்பில் மல்லிகைச் சரம் கட்டிய சுலைகா அவர்களே! அவரது கணவர், இன்று நம் சங்கம் பொன்னாடை போர்த்தும் ஓக் ட்ரீ ரோடு துணிக்கடைக்காரர், காரைக்கால் ஷம்சுதீன் அவர்களே! மாப்பிள்ளையாக மாலை சூடிய என் பேரன் முகிலனே, மணமகள் ரோஷினியே! முன்வரிசையில் வீற்றிருக்கும் என் கொழுந்தனார் நஞ்சுண்டன் அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! போன ஜூன் மாதம் எடிசன் நகரக் கல்யாண மண்டப வாசலில் நின்றவர்களில் ஒருவரையும் நான் மறக்கவில்லை. மறப்பது எனக்கு வராது. சிரிக்கிறீர்களா? சிரிப்பது யார் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்கிறேன்!

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். ஆனாலும் அந்தக் காரைப் பற்றிப் பேச என்னை விட்டால் யார்?

அது பிரெஞ்சுக்காரர் செய்த சிட்ரோயன். பாரிசில் வேலை பார்த்த ஷம்சுதீனின் பெரியத்தா, அதாவது பெரியப்பா, ஆசைப்பட்டு வாங்கியது; பின்னால் இவர் கைக்கு வந்தது. எல்லாக் காரையும் போல வரிசையில் வந்த கார் அல்ல. தனிப் பட்டறையில், கூரை இல்லாமல், ஒவ்வொரு தகடாகக் கையால் தட்டிக் கட்டிய கார்.

"கூரையை அறுத்துட்டா ஆச்சா தம்பி?" என்று ஷம்சுதீனைக் கேட்டேன்.

"அதெப்படிம்மா? மேல பலம் போனா நடுவுல தொய்ஞ்சிடும், கதவு சாத்தாது. அதனால அடியில இரும்பு சேர்த்து ஸ்ட்ராங் பண்ணியிருக்காங்க."

கேட்டேன், கலங்கினேன். என் கூரை எது? என் கணவர் பசுபதி. அவர் போன பிறகு நான் தொய்யாமல் நின்றது எப்படி? பெற்றவர்கள் பார்சிப்பனி ஊருக்கு வேலைக்கு ஓட, டேகேர் வாசலே மிதிக்காமல் என் இடுப்பில் வளர்ந்தானே முகிலன், அவன்தான் என் அடியில் வைத்த இரும்பு!

அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை ஊர்வலம். திறந்த காரில் அவன் உட்கார்ந்திருக்கிறான். கையில் திருநீற்றோடு பூசிவிடப் போகிறேன். குறுக்கே வந்தார் கொழுந்தனார்.

"அண்ணி, நீங்க கார் எதிர்ல நிக்காதீங்க. நல்ல காரியம் பாருங்க. உள்ள போயி உட்காருங்க."

தாலி இழந்தவள் எதிரே வரக்கூடாதாம். வளர்த்தவள் வரக்கூடாதாம்! திருநீறு கையிலேயே இருக்க, பின்வாங்கினேன்.

அந்த சிட்ரோயனுக்கு ஒரு குணம். நிறுத்தி வைத்தால் தரையோடு படுத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடினால்தான் உடம்பு எழும்பும். ஓட்டும் இருக்கையில் இருந்த ஷம்சுதீன் சாவியைத் திருப்பவே இல்லை.

"எடுங்க பாய், நல்ல நேரம் போகுது!" என்றார் நஞ்சுண்டன். "பேட்டரி போச்சா?"

கம்ப்யூட்டர் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "ஷட் டவுன் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க அங்கிள்!" இதோ, சொன்னவன் பின்வரிசையில் தலையைக் குனிகிறான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல," என்றார் ஷம்சுதீன். "அம்மா இன்னும் ஏறல."

"அவங்க எதுக்கு?"

"அவங்க ஏறினாத்தான் என் வண்டி எழும்பும்."

முகிலன் கதவைத் திறந்தான். "பாட்டி, கெட் இன். வா பாட்டி."

ஏறினேன். நெற்றியில் பூசினேன். சாவி திரும்பியது. படுத்திருந்த யானை பாகன் சொல் கேட்டு எழுமே, அப்படி எழுந்தது அந்தக் கார்! எழுந்தது கார் மட்டுமா? இத்தனை வருஷம் ஓரமாய் நின்ற ஒருத்தி எழுந்தாள்! அன்று என்னோடு நீங்கள் எல்லோரும் எழுந்தீர்கள்!

தம்பி ஷம்சுதீன், இந்தப் பொன்னாடை உங்கள் காருக்கு அல்ல, திருப்பாமல் பிடித்த அந்தச் சாவிக்கு.

என்னைச் சொன்ன சொல்லைத் துடைத்துவிட்டேன். ஆனால் மாலையும் கழுத்துமாய் இருந்த என் பிள்ளையின் முகம், அந்தச் சொல் கேட்டுச் சுருங்கியதே! அதை எதைக்கொண்டு துடைப்பேன்?

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. எல்லோரும் நன்றாக இருங்கள். எல்லோருக்கும் என் வணக்கம், ஒருவரைத் தவிர. அவர் பெயர் நஞ்சுண்டன்.