மூன்று எண்ணும் வரை

எங்கள் பயிற்சி அறைக் கூரையில் ஒரு தீ எச்சரிக்கை மணி உண்டு. மாதம் ஒருமுறை காரணமே இல்லாமல் அலறும். அன்றும் அலறியது. வகுப்பில் ஐந்து பேர். நான்கு பேர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐந்தாமவர், ஒரு இன்ஜினியர், எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க சார். என் நாற்காலி சுவத்துல இடிச்சுது. அதனாலதான்னு நினைக்கிறேன்."

அந்த நிமிடத்தில்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன் இன்ஸ்பெக்டர் ஐயா. மற்றபடி அவர்மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது.

வெளிநாட்டுக்கு வேலையாகப் போகிறவர்களுக்கு அந்த ஊர் நடைமுறை சொல்லித்தருவது என் தொழில். பெயர் அட்டையை எந்தக் கையால் நீட்டுவது, விருந்தில் யார் முதலில் உட்காருவது, எப்போது வாயைத் திறக்கக் கூடாது. பதினெட்டு வருடத்தில் என்னிடம் படித்த யாரும் அங்கே போய்த் தலைகுனிந்ததில்லை.

மணி அலறியதற்கு முந்தின நாள்தான், இவர்களை அனுப்பும் கம்பெனியின் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். மேலாளர் என்றால் என் மனைவியின் அண்ணன்.

"மாப்பிள்ளை, அனுப்பப்போற பாய்லர்ல ஒரு இடத்துல வெல்டிங் விட்டிருக்கு. மறுபடி செய்ய நேரமில்ல. பெயின்ட் அடிச்சு அனுப்புறோம். ஒண்ணும் ஆகாது. ஆச்சுன்னா அங்க ஒருத்தன் முன்னாடி நிக்கணும். யாரு தோதா இருப்பான்?"

"வேற வழியே இல்லையா மச்சான்?" என்று கேட்டேன். நான் கேட்டதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"வழி இருந்தா உங்கிட்ட ஏன் வர்றேன்? தங்கச்சி காதுக்கு இது போகக் கூடாது."

பெண் எடுத்த வீட்டை முறைத்துக்கொண்டு எத்தனை நாள் நிம்மதியாகச் சோறு தின்ன முடியும்? மணி அலறிய அன்று சாயங்காலம் இன்ஜினியரைச் சொன்னேன்.

அந்த நாட்டில் விபத்து நடந்தால் வக்கீல் வரும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அதுதான் ஒப்புதல். விற்பனை அலுவலகத்துக்குப் போன நான்கு பேருக்கும் அதைச் சரியாகவே சொல்லிக்கொடுத்தேன். பாய்லரோடு போகிறவருக்கு மட்டும் தனி வகுப்பு. "அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்தேன்.

"அங்க யார் தப்பு செஞ்சாலும் நம்ம ஆள்தான் முதல்ல குனியணும். ரெண்டு கையும் தொடைமேல. மனசுக்குள்ள மூணு எண்ணணும். அப்புறம் 'தப்பு என்னோடதுதான்'னு சொல்லணும். அது வெறும் மரியாதை. யாரும் நிஜமா எடுத்துக்க மாட்டாங்க."

"தப்பு என்னோடது இல்லேன்னாலுமா சார்?"

"அப்பத்தான் அதுக்குப் பேரு மரியாதை."

நோட்டில் எழுதிக்கொண்டார். நல்ல மாணவர்.

ஏழாவது வாரம் பாய்லர் வெடித்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள். அவர்களுடைய குடும்பங்களின் முன்னால், போலீஸ் பார்க்க, கேமரா பார்க்க, இவர் குனிந்தார். செய்தியில் காட்டினார்கள். முதுகு நேராக இருந்தது, கைகள் சரியான இடத்தில் இருந்தன. வாத்தியாராக எனக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பதினாறு வருடம் போட்டார்கள். சிறையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். "பதற்றத்தில் இரண்டு எண்ணியதுமே நிமிர்ந்துவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது சார். அதனால்தான் அவர்களுக்குக் கோபம் போலிருக்கிறது. உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன்."

நான் சும்மா இருக்கவில்லை. அவர் நல்லவர் என்று அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு எழுதினேன். வெல்டிங் பற்றி எழுதவில்லை. மச்சானுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குற்றவாளியின் வாக்குமூலம் தெளிவாக உள்ளது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குமேல் ஒரு மனிதனால் என்ன செய்ய முடியும்?

நேற்றுக் காலை அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். இதோ உங்கள் மேசையில் இருக்கிறதே, இந்த நோட்டு அவர் கையில் இருந்தது. உங்களிடம் சொன்ன எல்லாவற்றையும் அவரிடம் முதலில் சொல்லிவிட்டேன். பாய்லரைப் பற்றித் தெரிந்தே அவரை அனுப்பியது நான், பொய்யைச் சொல்லிக்கொடுத்தது நான் என்று சொன்னேன். பிறகு எழுந்து நின்று, மனதாரக் குனிந்து, தப்பு என்னுடையதுதான் என்றேன்.

அந்த அம்மா அழவில்லை. திட்டவும் இல்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"அவரும் எங்க வீட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு இப்படித்தான் பழகினாரு சார். நீங்க மூணு எண்ணும்போது உதடு அசையுது."