மூன்றாம் மாடிப் படிக்கட்டு

தேநீர் குடிக்கும் முன் இரண்டு முறை கை கழுவுவது என் பழக்கம். அன்று மதியமும் மூன்றாம் மாடி வார்டிலிருந்து கேன்டீனுக்குக் கிளம்பினேன். என் தங்கை வாசல்வரை பின்னாலேயே வந்தாள். நான் தலைமை நர்ஸ், அவள் எனக்குக் கீழே நர்ஸ். வார்டில் எல்லோருக்கும் நான் சிஸ்டர்; அவளுக்கு மட்டும் அக்கா.

"அக்கா, படிக்கட்டுச் சாவிய வெச்சிட்டுப் போ."

"எதுக்கு? நீயும் அங்க நின்னு ஃபோன் பேசவா?"

"திடீர்னு ஏதாவது ஒண்ணுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. போய் வேலையப் பாரு."

"உத்தரவு, பினாயில் மகாராணி," என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் படிக்கட்டைப் பற்றி விசாரணையில் கேட்டீர்கள். தீ விபத்து நேர்ந்தால் வெளியேறுவதற்கென்று கட்டியது. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் அதில் துப்பினார்கள். மூலையில் சிறுநீர் கழித்தார்கள். மீந்த சோறு புளித்து ஊறிய பைகளைப் படியிலேயே விட்டுப் போனார்கள். அந்த நெடி ஆறாத புண்களுக்கு நடுவே வந்து நிற்கும். ஒருநாள் கைப்பிடியில் கை வைத்தேன். யாருடைய சளியோ விரலிடுக்கில் வழிந்தது. அன்று மாலையே சங்கிலியும் பூட்டும் வாங்கிவந்து, கதவை வார்டுப் பக்கமாகப் பூட்டினேன். கதவின் கீழ் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டவும் ஆள் வைத்தேன். அதன்பின் வார்டில் மருந்து வாசனை மட்டும்தான். ஆணியில் மாட்டினால் ஆளாளுக்குத் திறப்பார்கள் என்று சாவியை என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

தீயணைப்புப் பயிற்சி நடந்த அன்று பூட்டைக் கழற்றி மறைத்துவைத்தேன். நடக்க முடியாதவர்களைப் போர்வையோடு தரையில் இழுத்துப் போவது எப்படி என்று பயிற்சி அதிகாரி காட்டினார். என் தங்கைதான் முதலில் செய்தாள், நன்றாகச் செய்தாள்.

"இந்தக் கதவு எப்பவும் தொறந்திருக்குமா சிஸ்டர்?"

"எப்பவும் சார்."

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தாள். அவர் போனதும் பூட்டிவிட்டேன்.

தேநீருக்குக் கிளம்பிய அந்த மதியம், அபாய மணி அடித்தபோது கையில் சோப்பு நுரை இருந்தது. வார்டின் முன்வாசலை ஒட்டிய சாமான் அறையில் தீ. அந்தப் பக்கம் யாரும் போக முடியவில்லை. நான் பின்பக்கப் படிக்கட்டில் ஏறினேன். படிகள் துடைத்துவிட்டதுபோல் இருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் போர்வைகள் இழுபடும் சத்தம் கேட்டது. பயிற்சியில் சொன்னபடி எல்லோரையும் அங்கே கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, சாவிய கீழ தள்ளு."

மண்டியிட்டுத் தள்ளினேன். ரப்பர் பட்டை சாவியை உள்ளே விடவில்லை. நகத்தால் பிய்த்தேன், நன்றாக ஒட்டியிருந்தார்கள். அவள் இருமினாள். பிறகு, "நீ கீழ போயிடுக்கா," என்றாள். போனேன்.

பூட்டியது நான்தான். நிர்வாகத்துக்குத் தெரியாது, வேறு யாரும் சொல்லவும் இல்லை. அவளும் அவள் இழுத்து வந்தவர்களும் கதவை ஒட்டியே கிடந்தார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கும் அந்த நெடி ஆகாது.

இப்போது கதவையே கழற்றிவிட்டார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். அவள் கிடந்த இடத்துக்கு இரண்டு படி கீழே, மூலையில் யாரோ புதிதாகத் துப்பியிருந்தார்கள். இன்னும் காயவில்லை.

பூட்டு இருந்தவரை அங்கே ஒருவரும் துப்பியதில்லை.