கூண்டு மாட்டுற நாள்

— நீயே கழட்டினேன்னு கைநாட்டு வெச்சியா?

— கையெழுத்துப் போடுற கையதான் பிரஸ்ல விட்டுட்டேனே. இடது பெருவிரல அமுக்கினேன்.

— விளையாடாதடா. என் கண்ணப் பாத்துச் சொல்லு. தகடு அடிக்கற பிரஸ்ஸோட கூண்ட நீயா கழட்டின?

— பேப்பர்ல அப்படித்தான் இருக்காம்.

— படிச்சேன். 'அவசரத்தில் நானே பாதுகாப்புக் கூண்டை அகற்றினேன்.' அகற்றினேனாம். பொறந்ததுலேர்ந்து என்னைக்காவது நீ அகற்றினேன்னு பேசியிருக்கியா?

— விரல் போனா நல்ல தமிழ் வரும்போல.

— சிரிக்காத. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

— நாலு விரல் போனது எனக்கு. பத்திக்கிட்டு வர்றது உனக்கு. நல்ல பங்கு.

— ஸ்பேனர் இல்லாம அந்த போல்ட்டு அசையாது. ஸ்பேனர் ஃபோர்மேன் அலமாரியில. சாவி அவன் இடுப்புல. நான் பாத்திருக்கேன்.

— நீ எல்லாத்தையும் பாத்திருக்கக்கா.

— என்ன குத்தல் இது?

— குத்தல் இல்ல. நீ வந்தப்பல்லாம் கூண்டு மாட்டித்தானே இருந்துச்சு?

— ஒவ்வொரு தடவையும். எல்லா பிரஸ்ஸுலயும். பின்வாசல் திறந்து, தரையில ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம, பொண்ணு பாக்க வர்ற வீடு மாதிரி இருந்துச்சு உங்க ஷெட்டு. லேபர் இன்ஸ்பெக்டர்னு பேருக்கு ஒரு சுத்து சுத்திட்டு, குறை ஏதும் இல்லன்னு எழுதிக் குடுத்தேன். வேற என்ன எழுத?

— வாசல் வரைக்கும் வந்து கும்பிடு போட்டானே ஃபோர்மேன்.

— போட்டான். உடம்பெல்லாம் கூசுச்சு. என் ஆபீஸ்ல எவனோ விஷயத்த விக்கிறான்டா. எங்க போறேன்னு நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடறதில்ல. டிரைவருக்கே வண்டி ஆபீஸ் கேட்டத் தாண்டினப்பறம்தான் சொல்றேன். அப்படியும் தெரிஞ்சுபோகுது.

— என் கம்பெனிய வேற ஆளுக்குக் குடுத்திருக்கலாம்ல?

— மேல இருக்கறவரும் அதத்தான் சொன்னார். நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன். வேற ஆள் போனா ஆபீஸ் ரூம்ல ஏசியில உக்காந்து ஜூஸ் குடிச்சுட்டு வந்துருவான். உன் கைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு நானே வந்தேன், புரியுதா? அன்னைக்கும் உங்க ஷெட்டுக்குத்தான் கிளம்பினேன். படி இறங்கறப்ப மீட்டிங்னு கூப்பிட்டு உக்கார வெச்சுட்டாங்க. பாழாப்போன மீட்டிங்.

— விடுக்கா.

— எத விடறது? மிரட்டிக் கைநாட்டு வாங்கினாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன். நாளைக்கு அந்த பிரஸ்ல வேற ஒரு உயிர் உக்காரும்.

— இப்பவே உக்காந்தாச்சு. கடைசி பிரஸ்ல இருந்த பொண்ண மாத்தி விட்டிருக்காங்க. நேத்து என்னப் பாக்க வந்துச்சு. கைக்கட்டப் பாத்துட்டுத் தண்ணி கேட்டுச்சு.

— கூண்டு?

— கூண்டு இருந்தா டப்பா மூடி அடிக்கற வேகம் வராதாம்.

— இவ்வளவும் தெரிஞ்சு வாய மூடிட்டுப் படுத்திருக்க. வாட்ச்மேன் வேலை தர்றேன்னாங்களா?

— சொன்னாங்க. எந்தக் கையால சல்யூட் அடிக்கறதுன்னு கேட்டேன்.

— அப்பா உன்னக் கோழையா வளக்கல.

— அப்பா எங்க வளத்தார். நீதான் வளத்த.

— என்னங்க சத்தம்? பக்கத்துக் கட்டில்ல ஆபரேஷன் ஆனவரு இப்பதான் கண்ணசந்தாரு.

— மன்னிச்சுக்கங்க சிஸ்டர். எங்கக்கா. கவர்மென்ட் ஆபீசர், மெதுவாப் பேசிப் பழக்கமில்ல.

— ஆபீசருக்குன்னு தனியா பார்வையாளர் நேரம் கிடையாது. சண்டைய முடிச்சுட்டுக் கிளம்புங்கம்மா.

— போறேன் சிஸ்டர்… சரி, மெதுவாவே கேக்கறேன். தகவல் சொல்றது யாருன்னாவது உன் காதுல விழுந்திருக்குமே?

— தெரியும்.

— ஆளச் சொல்லு. அவன வேலைய விட்டுத் தூக்காம எனக்குச் சோறு இறங்காது.

— அதுக்குத்தான் கைநாட்டு வெச்சேன்.

— புரியல.

— நீ வாயத் திறந்தா, அந்த ஆள் யாருன்னு நாங்களும் வாயத் திறப்போம்னான் ஃபோர்மேன்.

— திறக்கட்டுமே. நானும் அதத்தானே கேக்கறேன்?

— அக்கா, ரெய்டுக்குப் போற நாள்ல எனக்கு என்னன்னு போன் பண்ணுவ?

— ரெய்டுன்னு ஒருநாளும் உங்கிட்டகூட வாய் விட்டதில்ல.

— விட்டதில்ல. என்னன்னு பண்ணுவ?

— லேட்டாகும், பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்துருன்னு.

— சீக்கிரம் போக நான் யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?

— ஃபோர்மேன்… கடவுளே.

— மொதல்ல சும்மாதான் கேட்டேன். அக்கா பொண்ணக் கூப்பிடணும்னு. கொஞ்ச நேரத்துல நீ ஜீப்புல வந்து எறங்கின. அடுத்த தடவையும் அதே கதை. அதுக்கப்பறம் நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள அலமாரியத் திறந்துருவான்.

— தெரிஞ்சுட்டே எங்கிட்ட மறைச்சியாடா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையும் களவுமாப் பிடிச்சிருப்பேன்.

— பிடிச்சு? ஷெட்டுக்கு சீல் வெப்ப. நாங்க அத்தன பேரும் உன் வீட்டு வாசல்லயா வந்து நிக்கறது? நீ எங்க கம்பெனிக்கு வந்தாலும் வராட்டியும், பாப்பாவக் கூப்பிடற நாள்ல எல்லா பிரஸ்ஸுக்கும் கூண்டு உண்டு. அந்த ஒரு நாளாவது பயமில்லாம கைய விடுவோம். உள்ள நுழையறப்பவே பொம்பளைங்க கேப்பாங்க, உங்கக்கா போன் பண்ணிச்சான்னு.

— அன்னைக்கும் காலையில பண்ணினேனே. அப்ப கூண்டு இருந்திருக்கணுமே.

— இருந்துச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி நீ திரும்பக் கூப்பிட்ட. மீட்டிங்குடா, நான் எங்கயும் போகல, பாப்பாவ நானே கூட்டிக்கறேன்னு.

— டேய்.

— பர்மிஷன் வேணாம்னு நான்தான் போய் ஃபோர்மேன்கிட்ட சொன்னேன். ஸ்பேனர எடுத்துக்கிட்டு அவன் மொதல்ல என் பிரஸ்ஸுக்குத்தான் வந்தான்.