அறுந்த நூல்

ஏப்ரல் மாதத்தில் ஒரு வீட்டைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பது எளிதான வேலை இல்லை, ஷெரிஃப். நம் பென்சில்வேனியாவில் இந்தச் சமயம் சுவர்கூட வியர்க்கும். ஆனாலும் என் பின்னறையில் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தைத் தாண்ட நான் விட்டதில்லை. இருபத்தாறு வருடமாக. அதை முதலில் குறித்துக்கொண்டால் மற்றது எல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

அந்த அறையில் முப்பத்தொரு துப்பாக்கிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை மான் வேட்டைக்குப் போய் வந்தவை. கீறல்கள் உண்டு, அந்தக் கீறல்களையும் நான் மதிக்கிறேன். ஒன்று மட்டும் வேறு. 1937இல் செய்த வின்செஸ்டர் மாடல் 52, குறிபார்க்கும் போட்டிக்கானது. அதன் அட்டைப்பெட்டி இருக்கிறது. தொழிற்சாலைச் சீட்டு, விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் வெள்ளை நூலால் கட்டியபடி இருக்கிறது. தொழிற்சாலையில் யாரோ ஒரு பெண் போட்ட முடிச்சு. அதை ஒருவரும் அவிழ்த்ததில்லை. இந்தத் துப்பாக்கியால் ஒருமுறைகூடச் சுட்டதில்லை என்பதற்கு அந்த நூல்தான் சாட்சி.

வெர்னன் என் மனைவி டாரீனின் அண்ணன். எழுபத்தொன்பது வயது. ஞாயிறுதோறும் வருவார். அவருடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலருடைய வியர்வை இரும்பைத் தின்னும். அவர் தொட்ட இடத்தில் அடுத்த வாரம் கட்டைவிரல் ரேகை துருவாகப் பூத்திருக்கும். கையுறையை நீட்டினால் சிரிப்பார்.

"என்ன மாப்ள, இது துப்பாக்கியா, புதுப்பொண்ணா? தொட்டா கூசுமோ?"

போன ஞாயிறு டாரீன் ஓஹையோவில் மகள் வீட்டில் இருந்தாள். வெர்னன் மழையில் நனைந்து, மான் உப்புக்கண்டம் மென்றுகொண்டே வந்தார். நேராகப் பின்னறைக்குப் போய் அந்தப் பெட்டியைத் திறந்தார். சட்டைப்பையில் ஒரு தோட்டா வைத்திருந்தார்.

"எண்பத்தெட்டு வருஷம். பாவம் மாப்ள, கன்னியாவே கெழவியாயிருச்சு."

"கீழ வச்சிருங்க மச்சான்."

"ஒரே ஒரு குண்டு. வேலி மேல அந்த சூப் டப்பா. அதுக்கப்புறம் நான் செத்தாலும் பரவால்ல."

இதை அவரேதான் சொன்னார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சீட்டு தரையில் விழுந்தது. துப்பாக்கியை நாற்காலியில் சாத்திவிட்டு, இரண்டு கையாலும் சன்னலைத் தள்ள ஆரம்பித்தார். போன வருடம் பெயின்ட் அடித்ததில் அந்தச் சன்னல் ஒட்டிக்கொண்டது. எனக்கு அவகாசம் இருந்தது.

துப்பாக்கியை எடுத்துப் பூட்டியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. என் கையில் கையுறை இல்லை.

எதனால் அடிப்பது என்று பார்த்தேன். அறையில் இருந்தவை எல்லாம் துப்பாக்கிகள். வெளியே மாட்டியிருந்த இரும்பு வாணலி என் மாமியாருடையது, நூறு வருடம் பழக்கிய வாணலி. அந்த வீட்டில் புதிதாக இருந்த ஒரே பொருள் ஈரம் உறிஞ்சும் இயந்திரம். இணைப்பைப் பிடுங்கினேன். உள்ளே தண்ணீர் இருந்தது. கம்பளத்தில் சிந்தக் கூடாது என்று அதன் தொட்டியை மட்டும் கொண்டுபோய்ச் சமையலறைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன்.

ஆமாம், கையுறை அந்தக் கழுவுதொட்டியின் ஓரத்தில்தான் கிடந்தது. நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே தோன்றுகிறது. ஆனால் ஈரக் கையில் கையுறை மாட்டுவது சரியில்லை.

அவர் அப்போதும் சன்னலோடு போராடிக்கொண்டிருந்தார். "ஒரு கை குடுய்யா, மரம் மாதிரி நிக்கிறியே" என்றார். ஒருமுறைதான் அடித்தேன்.

கைகளைத் துடைத்து, கையுறை மாட்டி, துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தேன். பிறகு ஈரப்பதமானியைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. இயந்திரம் உடைந்துபோயிருந்தது. அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மனிதனின் மூச்சில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. கோட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவரை அங்கே விட்டுவைக்க முடியாது. வராந்தாவுக்கு இழுத்துப்போனேன்.

"குளிருது மாப்ள" என்றார்.

போர்வைகள் எல்லாம் துப்பாக்கிகளுக்கு அடியில் விரித்துக் கிடந்தன.

கடை நாற்பது மைல் தள்ளி இருக்கிறது. இரண்டு இயந்திரங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு ஐந்து வருட உத்தரவாதம் இருந்தது. திரும்பி வந்து அதை ஓடவிட்டபோது டாரீன் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"எங்கண்ணன் வந்தாரா?"

"வந்தார்."

"சாப்பிட்டாரா?"

"இல்ல."

"இப்ப எங்க இருக்கார்?"

"வராந்தாவுல."

"இந்தக் குளிர்லயா? உள்ள கூப்பிடுங்க."

"அறையில ஈரம் இப்பதான் ஐம்பத்திரண்டுக்கு எறங்கியிருக்கு, டாரீன்."

அவள்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பாள். அவளுக்கு அந்த அறை எப்போதுமே பிடிக்காது.

உங்கள் ஆட்கள் பெட்டியில் ஒட்டிய ஆதாரச் சீட்டை அவர்களே பிய்க்க வேண்டாம். நானே வந்து எடுக்கிறேன். குழலில் அவருடைய கட்டைவிரல் பதிந்திருக்கிறது. அவர் துப்பாக்கியைத் தொட்டதற்கு அதுதான் வலுவான ஆதாரம் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். எனக்குத் தெரியும். தேய்த்தால் அசல் நீலப்பூச்சு போய்விடும் என்று அப்படியே விட்டேன்.

எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். நான் அடித்தேன், வெளியே போட்டேன், அவர் செத்தார். பதிலுக்கு ஓர் உதவி. நூலில் இரண்டு அங்குலம் குறைகிறது. கம்பளம் முழுக்கத் தேடிவிட்டேன். அவர் பல்லிடுக்கில்தான் இருக்க வேண்டும். பிணப் பரிசோதனை செய்கிறவரிடம் சொல்லுங்கள், வாயை மெதுவாகத் திறக்கட்டும். பழைய பொருள். முரட்டுத்தனமாகக் கையாண்டால் தாங்காது.